ஏரோபிரிட்ஜ் இல்லாத விமான நிலையங்கள்: படியா, பஸ்ஸா, ராம்பா?

தரைக்கும் விமானக் கதவுக்கும் நடுவில் இருக்கும் உயரத்தில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. ஏ320 ரக விமானத்தில் அது சுமார் மூன்றரை மீட்டர். போயிங் 777-ல் ஐந்து மீட்டரை ஒட்டி வரும். ஏடிஆர் 72 மாதிரியான சின்ன விமானத்தில் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இந்த உயரத்தைக் கடக்க ஏரோபிரிட்ஜ், அதாவது முனையத்திலிருந்து விமானக் கதவுவரை நீளும் மூடிய பாலம், ஒன்றுதான் நாகரிகமான வழி, அது இல்லாத விமான நிலையம் ஏழை விமான நிலையம் என்ற எண்ணம் பலரிடமும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாலம் இல்லாதது பெரிய குறையே கிடையாது. பாலத்துக்குப் பதிலாக என்ன வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒழுங்காக வைத்த ராம்ப், அதாவது படியில்லாத சாய்தளம், பாலத்துக்குச் சமம். சில நேரம் அதைவிட மேல். இருப்பதிலேயே மோசம் பஸ்.

முதலில் பாலத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். பயணிகளுக்கு மூடிய வழி போட்டுக் கொடுக்கும் யோசனை பழையது. 1936-இல் திறந்த லண்டன் காட்விக்கின் வட்ட வடிவ முனையத்திலேயே, தண்டவாளத்தில் நகர்ந்து நீளும் கூண்டு வழிகள் இருந்தன. இன்றைக்கு நாம் பார்க்கும் வகை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. பாலத்தில் மழை படாது, வெயில் படாது, படி ஏற வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவரும் மற்றவர்கள் போகிற அதே வழியில், அதே நேரத்தில் போகலாம். சரக்கும் ஆட்களும் ஏற ஏற விமானம் கொஞ்சம் கீழே அமுங்கும். பாலத்தின் முனையில் விமானத்தின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சக்கரம் அதை உணர்ந்து பாலத்தையும் கூடவே இறக்கும். பல இடங்களில் பாலத்துக்கு அடியிலிருந்தே 400 ஹெர்ட்ஸ் மின்சாரமும் குளிர்காற்றும் விமானத்துக்குள் போகின்றன. அதனால் வாலில் இருக்கும் துணை எஞ்சினை அணைத்து வைக்கலாம். எரிபொருளும் மிச்சம், இரைச்சலும் குறைவு.

ஆனால் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானத்தில் பாலம் சேர்வது அனேகமாக ஒரே கதவில்தான், இடதுபக்க முன்கதவில். பின்கதவுக்குப் போக இறக்கை குறுக்கே நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் இறக்கைக்கு மேலாகப் பின்கதவுக்குப் போகும் பாலங்களைக் கட்டிப் பார்த்தார்கள். உலகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆக, 180 பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் சில வரிசைக்காரர் பெட்டியை மேலே தூக்கி வைத்து முடிக்கும்வரை 30-ஆம் வரிசைக்காரர் பாலத்துக்குள்ளேயே காத்திருக்க வேண்டும். பாலம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது பாதி உண்மைதான்.

நடந்து போய் ஏறும் நிலையங்கள் ஜெயிப்பது இந்த இடத்தில். லண்டன் சிட்டி, கலிபோர்னியாவின் லாங் பீச், ஹவாயின் கோனா, பூட்டானின் பாரோ எல்லாம் பாலம் இல்லாமலே ஓடுகின்றன. லாங் பீச்சில் 2012-இல் புதிதாகக் கட்டிய பயணிகள் கூடத்தையும் பனைமரத் தோட்டத்தோடு திறந்தவெளியாகவே வைத்துக்கொண்டார்கள், பாலம் சேர்க்கவில்லை. அதே கலிபோர்னியாவின் பர்பாங்க் நிலையத்தின் பழைய முனையத்தில் முன்கதவுக்கு ராம்ப், பின்கதவுக்குப் படி என்று இரண்டு பக்கமும் ஆள் ஏறுவார்கள். பின்வரிசைக்காரர் பின்னால் போய்விடுவதால் நடைபாதையில் நெரிசல் பாதியாகிறது. மலிவுக் கட்டண நிறுவனங்கள், வந்து நின்ற விமானத்தை 25 நிமிடத்தில் அடுத்த பயணத்துக்குக் கிளப்பி அனுப்ப முடிவதற்கு இந்த இரண்டு கதவுப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். பாலத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டாம் என்பது இன்னொரு காரணம்.

ஐரோப்பாவின் மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏர் இதில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் போயிங் 737 விமானங்களில் முன்கதவுக்கு அடியிலேயே மடக்குப் படி இருக்கிறது. கதவைத் திறந்ததும் வெளியே நீளும், யார் வண்டிக்காகவும் காத்திருக்க வேண்டாம். 737-ஐ 1960களில் வடிவமைத்தபோதே, வசதியில்லாத சின்ன ஊர்களுக்கும் போய்வரட்டும் என்று தரைக்கு நெருக்கமாக வைத்தார்கள். அந்தத் தாழ்ந்த உடல் இன்றும் இதற்குக் கைகொடுக்கிறது. குறை என்னவென்றால், படி குறுகல், செங்குத்து. ஒரு கையில் குழந்தை, மறுகையில் பெட்டி என்று ஏறுபவருக்குக் கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

ஏடிஆர் 72-க்கு இந்தச் சண்டையே இல்லை. பின்கதவைத் திறந்தால் அதன் உள்பக்கமே படியாக இருக்கும், நாலைந்து எட்டில் உள்ளே போய்விடலாம். முன்பக்கம் சரக்கு அறை என்பதால் பயணிகள் எல்லோரும் வால் பக்கமாகவே ஏறுகிறார்கள். எடை பின்னால் கூடி மூக்கு மேலே தூக்கிவிடக் கூடாது என்று வாலுக்கு அடியில் ஒரு முட்டுக் கம்பு வைத்திருப்பார்கள். அடுத்த முறை ஏறும்போது கவனித்துப் பாருங்கள். இந்த விமானத்துக்குப் பாலம் கட்டுவது வீண் செலவு.

இனி பஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'பாலம் இல்லை' என்று பயணிகள் திட்டும்போது பெரும்பாலும் திட்டுவது பஸ்ஸைத்தான். கோபஸ் 3000 போன்ற விமான நிலைய பஸ்ஸில் நூறு பேருக்கு மேல் ஏற்றலாம் என்பது கணக்கு. சாலை பஸ்ஸைவிட அகலம், தரை தாழ்வு, இரண்டு பக்கமும் கதவு. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறையில்தான் கோளாறு. கேட்டில் வரிசையில் நின்று, டிக்கெட் காட்டி, படி இறங்கி பஸ்ஸில் ஏறினால், கடைசி ஆள் வரும்வரை அது கிளம்பாது. விமானத்தடியில் போய் நின்றாலும், உள்ளே தயாராகவில்லை என்றால் கதவு திறக்காது. முன்னுரிமைக்குத் தனியாகப் பணம் கட்டியவர் பஸ்ஸில் முதலில் ஏறி நடுவில் மாட்டிக்கொள்வார்; கடைசியில் ஓடிவந்தவர் கதவோரம் நின்று முதலில் இறங்குவார். அப்புறம், பஸ்ஸில் வந்தவர் படியிலிருந்து தப்பிக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. அங்கே போயும் அதே மூன்றரை மீட்டர் ஏற வேண்டும். நடையின் சுதந்திரமும் இல்லை, பாலத்தின் சமதளமும் இல்லை. இரண்டின் கஷ்டங்களை மட்டும் சேர்த்துக் கட்டிய ஏற்பாடு இது. பஸ்ஸுக்கு ஒரே நியாயம் தூரம்: விமானத்தை முனையத்திலிருந்து எட்டத்தில் நிறுத்தும்போது, விமானங்கள் நகரும் பாதைகளையும் வண்டிகளையும் தாண்டி யாரையும் நடக்கவிட முடியாது.

பஸ்ஸையே உயரத் தூக்கிவிட்டால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. 1962-இல் திறந்த வாஷிங்டன் டல்லஸ் நிலையத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் கொண்டுவந்த நகரும் கூடம் அதுதான். சுமார் நூறு பேர் ஏறும் அறை சக்கரத்தில் போய் விமானத்தோடு சேரும். 1975-இல் மாண்ட்ரியலின் மிராபெல்லும் இதே வழியில் போனது. நடக்கவே வேண்டாம் என்பது அழகான கனவு. விமானங்கள் பெருகி, ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் கூடியபோது, ஒவ்வொரு நூறு பேருக்கும் ஒரு ராட்சத வண்டி ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. டல்லஸில் அந்த வண்டிகள் பிற்பாடு முக்கியமாக முனையங்களுக்கு இடையே ஆள் ஏற்றத்தான் பயன்பட்டன.

எனக்குப் பிடித்த வழி ராம்ப். படியே இல்லாத சாய்தளம், இரண்டு மூன்று முறை திரும்பித் திரும்பி மெதுவாகக் கதவை எட்டும். இழுபெட்டியைத் தூக்க வேண்டாம், உருட்டிக்கொண்டே போகலாம். முழங்கால் வலிக்காரர் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறலாம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராகக் கதவுவரை போய்விடலாம். இந்தியாவில் இண்டிகோ இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. 2022 ஆகஸ்ட்டில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்று ராம்ப் வழியாகப் பயணிகளை இறக்கும் முறையையும் அறிவித்தது. ஏ321-இல் இரண்டு வழியாக இறக்க 13-14 நிமிடம் ஆகும், மூன்று வழி என்றால் 7-8 நிமிடம் போதும் என்பது அந்த நிறுவனமே சொன்ன கணக்கு. ஒற்றைக் கதவில் நிற்கும் பாலத்தால் இதை எட்டவே முடியாது. ராம்ப் அதிக இடத்தை அடைக்கும், இழுத்து வர வண்டி வேண்டும், உயரமான பெரிய விமானங்களுக்கு நீளம் கட்டுப்படியாகாது. இவை உண்மையான குறைகள்தான். ஆனாலும் சின்ன, நடுத்தர விமான நிலையத்துக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

படி மட்டுமே இருக்கும் இடத்தில் ஏற முடியாதவருக்கு ஆம்புலிஃப்ட் வர வேண்டும். அதாவது, லாரியின் மேல் இருக்கும் அறையே கதவு உயரத்துக்குத் தூக்கப்படும். நல்ல வண்டி, ஆனால் எண்ணிக்கை குறைவு. அது வேறு விமானத்தில் இருந்தால், எல்லோரும் இறங்கிப் போன பிறகும் ஒருவர் மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கும் காட்சியும் நடக்கிறது. பாதுகாப்புக்கும் கேடு, அவர் மானத்துக்கும் கேடு. பாலம் வேண்டும் என்று வாதாடுபவர்களின் மிக வலுவான வாதம் இதுதான், மழை கூட இரண்டாவதுதான்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோனாவும் லாங் பீச்சும் மழை குறைந்த இடங்கள். அங்கே திறந்தவெளி சுகம். மழைக்குப் பேர்போன பூமத்தியரேகைப் பக்கம் கதை வேறு. 2006-இல் கோலாலம்பூரில் மலிவுக் கட்டண முனையமும் சிங்கப்பூரில் பட்ஜெட் டெர்மினலும் பாலம் இல்லாமல் திறந்தன. முதலாவதற்குப் பதிலாக 2014-இல் வந்த கேஎல்ஐஏ2-விலும், இரண்டாவது இருந்த இடத்தில் 2017-இல் வந்த டெர்மினல் 4-லும் பாலங்கள் உண்டு. கூட்டம் பெருகியதே பெரிய காரணம் என்றாலும், புதிதாகக் கட்டும்போது இருவருமே பாலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரிய விமானம், நீண்ட பயணம், மாறிப் போகும் கூட்டம் என்றால் பாலம்தான், அதில் பேச்சே இல்லை. ஒற்றை நடைபாதை விமானம் முனையத்துக்குப் பக்கத்தில் நின்றால் இரு கதவிலும் ராம்ப். அது இல்லையென்றால் நடையும் படியும். பஸ் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

பயணிக்கு ஒரு வேலை இருக்கிறது. டிக்கெட் போடும்போது சும்மா 'வீல்சேர் வேண்டும்' என்று சொல்லாதீர்கள். அதில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் விமான நிறுவனங்கள் ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. டபிள்யூசிஎச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது. டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கைவரை கொண்டுபோய்விட வேண்டும். பாலம் இருக்கும் நிலையத்தில் முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பாலம் இல்லாத இடத்தில், ஆம்புலிஃப்ட் வருமா வராதா என்பதே அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; மற்ற நாடுகளிலும் அதே அளவு முன்கூட்டியே சொல்லி, டிக்கெட்டில் எந்த வகை பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.