கொம்பை விழுங்கும் அச்சுப்பொறி: ஐந்தாண்டு அனுபவம்

மயிலாடுதுறையில் புதிதாக ஆவண எழுத்தர் அலுவலகம் திறக்கவிருக்கும் நண்பர், நாங்கள் ஐந்தாண்டுகளாக வைத்திருக்கும் கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறியையே தானும் வாங்கலாமா என்று கேட்டார். நிமிடத்துக்கு எத்தனை பக்கம், டோனர் என்ன விலை என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே நான்கு கணினிகள் ஒரே பொறியைப் பகிர்ந்துகொள்ளும்போது தமிழ் எழுத்துருக்கள் படும் பாட்டை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பழைய கிரயப் பத்திரங்கள் பாமினியிலும், புதியவை யுனிகோடு எழுத்துருவான லதாவிலும் உள்ளன. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்து அச்சிட்டால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து விழும். அதில் அச்சுப்பொறியின் குற்றம் எதுவுமில்லை. நான்கு கணினிகளிலும் பாமினியை நிறுவியதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒழியாதது லதாவின் தொல்லை. வழக்கமான அமைப்பில், டிரைவர், அதாவது அச்சுப்பொறியை இயக்கக் கணினியில் நிறுவும் மென்பொருள், எழுத்து வடிவங்களை அனுப்பிவைக்க, பக்கத்தை அச்சுப்பொறியே கோத்துக்கொள்கிறது. நீளமான ஆவணமாக இருந்தால், நாலைந்து பக்கங்களுக்குப் பிறகு எங்கள் பொறி ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஆங்காங்கே விழுங்கிவிடுகிறது. திரையில் எல்லாம் சரியாகவே தெரியும்; தாளில் மட்டும், சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியின் ‘தெற்கு’ ‘தற்கு’ ஆகியிருக்கும், ‘மேற்கு’ ‘மற்கு’ ஆகியிருக்கும், சொத்தை விற்கும் கோவிந்தன் காவிந்தனாகியிருப்பார்.

இதற்கு மருந்து டிரைவரிலேயே இருக்கிறது. லதா போன்ற ட்ரூடைப் எழுத்துருக்களைப் பிட்மேப்பாக, அதாவது புள்ளிகளாலான படமாக, அனுப்பும் தேர்வை வைத்துவிட்டால் ஒரு கொம்பும் தவறுவதில்லை. வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேர்வை ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ பகுதியில் வைத்தால் வைத்தவருக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், எல்லோருக்கும் பொருந்த வேண்டுமானால் பொறி இணைக்கப்பட்டிருக்கும் கணினியில் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்திலுள்ள ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ பொத்தானுக்குள் போய் வைக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிடிபடவே ஓராண்டு ஆயிற்று. அதுவரை என் மேசையிலிருந்து போன பத்திரம் சுத்தமாகவும், தட்டச்சு செய்யும் பெண்ணின் மேசையிலிருந்து போன அதே பத்திரம் கொம்பிழந்தும் வந்தது. பாவம், பிழையெல்லாம் அவருடையது என்றே நான் பல நாள் கடிந்துகொண்டிருந்தேன்.

சென்ற வாரம் தாள் இழுக்கும் உருளை தேய்ந்து, பழுது பார்க்க ஆள் வந்தார். அரை மணியில் உருளையை மாற்றினார். குறை சொல்ல முடியாத வேலை. போகிற போக்கில், யாரும் கேட்காமலே, டிரைவரையும் புதிதாக நிறுவிவிட்டுப் போனார். வைத்த தேர்வெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை இரண்டு முத்திரைத்தாள்கள் வீணாயின.

நியாயமாகப் பேசினால், இந்தப் பொறியின் எழுத்துத் துல்லியத்துக்கு ஈடாக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை. பத்துப் புள்ளி அளவில்கூட ‘ஞ’வின் சுழியும் ‘ணை’யின் வளைவும் மை அப்பாமல் தனித்தனியே நிற்கின்றன, வயதான கட்சிக்காரர்கள் கண்ணாடியைத் தேடாமல் படிக்கிறார்கள். ஐந்தாண்டுகளில் மாற்றிய உதிரிப் பாகம் அந்த உருளை ஒன்றுதான். பத்திரத்தை எழுத்துருக்கள் பதிந்த பிடிஎஃப் ஆக்கி, ‘படமாக அச்சிடு’ என்று கொடுத்தால் எந்தக் கணினியிலிருந்தும் பிழையின்றி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

இருந்தாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டபோது, காவிந்தன் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்த முத்திரைத்தாள் என் மேசை மேல்தான் கிடந்தது.