மாமரத்திற்குப் போட்டுப் பார்த்த மூன்று வலைகள்

மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடிப் பக்கத்திலுள்ள எங்கள் வளவில் இரண்டு மாமரங்களும் ஒரு ஜம்பு மரமும் நிற்கின்றன. வைகாசி பிறந்து காய் முற்றத் தொடங்கியதும் பழந்தின்னி வௌவால்கள் இரவில் வந்துவிடும். கடந்த மூன்று பருவங்களில் மூன்று வகை வலைகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்பதால், வலை வாங்க எண்ணியிருப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவலாம். மூன்றுமே பெயர் பொறிக்காத, அளந்து வெட்டித் தரும் சரக்குகள்.

முதலில் போட்டது வாவிக்கரையில் கழித்துவிட்ட பழைய தங்கூசி மீன்வலை. செலவில்லை என்பதற்காக நம்மில் பலர் இதைத்தான் போடுகிறோம், ஆனால் மீனின் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று செய்யப்பட்ட இழை வௌவாலின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்? பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் வழி அறிகின்றன. சிறகை விரித்தால் ஒரு மீற்றரைத் தாண்டும் பெரிய பழந்தின்னிக்கோ அந்த ஆற்றல் கிடையாது, அது கண்ணையும் மூக்கையும் நம்பியே பறக்கிறது. இரண்டு வௌவால்கள் செத்த பிறகு அந்த வலையைக் கழற்றி எறிந்தேன். அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

இரண்டாவது, நகரத்து இரும்புக்கடையில் 'குருவி வலை' என்று விற்கும் பச்சை நைலோன் வலை. கண் ஒவ்வொன்றும் இரண்டு விரல் நுழையும் அளவு. கிளிக்கும் காகத்திற்கும் இது நன்றாகவே உதவியது. காற்றும் தடையின்றிப் போய்வந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம். இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். ஒரு நாள் காலையில் பெண் வௌவால் ஒன்று அதில் தலைகீழாகச் சுற்றிக்கிடந்தது. இரவு முழுவதும் உதறியதில் சிறகுத் தோலை நைலோன் அறுத்திருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, "மனே, கையால தொட்டுராத, துவாயப் போட்டு மூடு" என்றார். தடித்த துவாயால் மூடி, வலையைக் கத்தரித்து விடுவித்தோம். அன்று மாலைக்குள் அது இறந்துவிட்டது.

ஆச்சியின் எச்சரிக்கை வெறும் பயமன்று. பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையின் பெயரால் அழைக்கப்படும், விசர்நாய் நோய் வைரசின் இனத்தைச் சேர்ந்த ஒரு புதிய வைரசு, நம் நாட்டுப் பழந்தின்னி வௌவால்களின் மூளையிலிருந்து கண்டறியப்பட்டு 2016 இல் அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய வௌவால் அச்சத்தில் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். ஆகவே வௌவாலைச் சிக்க வைக்கும் வலை அதைக் கொல்வதோடு நிற்காமல், அதை விடுவிக்கப் போகும் நம்மையும் அதன் பல்லுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஒன்றிரண்டு செத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வௌவால் எலியைப் போலப் பெருகுவதில்லை. பழந்தின்னி ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். இப்படி மெதுவாகப் பெருகும் விலங்கில் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்பதை வட அமெரிக்கா பார்த்திருக்கிறது. 2006 இல் நியூயோர்க் மாநிலத்தின் குகையொன்றில் முதன்முதலாகப் பதிவான வெண்மூக்கு நோய், குளிர்கால உறக்கத்திலிருக்கும் வௌவால்களின் மூக்கிலும் சிறகிலும் பங்கசாகப் படர்ந்து, அவற்றை இடையிடையே விழிக்கச் செய்து, சேமித்த கொழுப்பைத் தீர்த்துவிடுகிறது. 2012 ஆம் ஆண்டு வரையில் மட்டும் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட வௌவால்கள் மடிந்ததாக அங்கு மதிப்பிட்டார்கள். அந்தப் பங்கசு குளிரில் வளர்வது, 20 பாகை செல்சியசைத் தாண்டினால் வளராது. மட்டக்களப்பு வெயிலில் அதற்கு இடமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற கணக்கு அங்கும் இங்கும் பெரும்பாலும் ஒன்றுதான். நோயால் குறைந்தாலும் வலையால் குறைந்தாலும் கூட்டம் மீள்வதற்குப் பல்லாண்டுகள் செல்லும்.

இப்போது மரத்திலிருப்பது மூன்றாவது வலை. நாற்றுமேடைக்கு விற்கும் வெள்ளைப் பின்னல் வலை இது. நுளம்பு வலையைவிடத் தடித்தது, கண் மிகச் சிறியது. வாங்கும்போது சுண்டு விரலை நுழைத்துப் பாருங்கள்; நுழைந்தால் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 முதல் வீட்டுப் பழமரங்களுக்கு, இழுத்துப் பிடித்த நிலையிலும் கண் 5 மில்லிமீற்றரைத் தாண்டாத வலையையே போட வேண்டும் என்பது சட்டம். வெள்ளை நிறம் இரவிலும் கண்ணுக்குத் தெரிவதால் வௌவால் வந்து வட்டமிட்டுத் திரும்புவதை நானே பார்த்தேன். இந்தப் பருவத்தில் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

குறைகளும் உண்டு. விலை குருவி வலையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கச்சான் காற்று வீசும் நாட்களில் வலை பாய்மரம் போலப் புடைத்து, தையல் ஓரிடத்தில் பிரிந்துவிட்டது. நாலு மூலையிலும் கம்பு நட்டு இறுக்கிக் கட்டினால்தான் நிற்கும். தொய்வாகப் போட்டால் இந்த வலையிலும் விலங்குகள் சிக்கலாம். முசுறுகள் இலையையும் வலையையும் சேர்த்துக் கூடு கட்டிவிட்டதால் கழற்றும் நாளில் நான் பட்ட பாடு தனிக்கதை. பூக்கும் காலத்தில் இதைப் போடவே கூடாது, தேனீயும் ஈயும் உள்ளே போக முடியாமல் காய் பிடிக்காது.

மரத்தின் உச்சியை நான் மூடுவதில்லை. ஏணி எட்டாதது ஒரு காரணம்தான். பழந்தின்னி வௌவால்களிலிருந்து குதிரைகளுக்கும் அவற்றின் வழியே மனிதருக்கும் தொற்றும், 1994 இல் கண்டறியப்பட்ட ஹென்ட்ரா வைரசைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்த நீண்டகால ஆய்வுகள், காட்டுப் பூக்கள் குறைந்து இரை கிடைக்காத காலங்களிலேயே வௌவால்கள் வைரசை அதிகமாக வெளியேற்றுவதைக் காட்டியிருக்கின்றன. வயலோரத்து இலுப்பை மரங்களை வெட்டிவிட்டு, அவற்றின் பூவையும் பழத்தையும் நம்பியிருந்த வௌவால் நம் மாமரத்திற்கு வருகிறதே என்று கோபப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் உச்சிக் கிளைப் பழங்கள் அவற்றுக்கு; கடித்துப் போட்ட பழத்தை மட்டும் வீட்டில் யாரும் தொடாமல் கூட்டிப் புதைத்துவிடுகிறோம்.

ஜம்பு மரத்திற்கு முழு வலை தேவைப்படவில்லை. அதே வலைத் துணியின் மிச்சத்தில் தைத்த பைகளைக் குலைகளுக்கு மாட்டினேன். அதில் மழைநீர் தேங்கவில்லை, பழமும் அழுகவில்லை. அடுத்த பருவத்தில் சிறிய மாமரத்திற்கும் பைகளே போதும் என்று நினைக்கிறேன்.