நான்குவழிச் சாலைக் கடையில் வாங்கிய ‘கோவில்பட்டி’ கடலைமிட்டாய்

மதுரை போகிற வழியில் ஒரு கடை, பலகை முழுக்க ‘ஒரிஜினல் கோவில்பட்டி கடலைமிட்டாய்’. பிரித்தால் பசையாகப் பல்லில் ஒட்டுகிறது, பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் குளுக்கோஸ் சிரப், தயாரித்த இடமும் வேறு ஊர். எங்கள் ஊர் மிட்டாய் என்றால் கரிசல் மண் கடலையும் வெல்லப்பாகும்தான், கடித்தால் மொறுக்கென்று உடையும், வறுத்த வாசம்தான் முதலில் வரும். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டோம், ஆனால் பெயரைப் பெரிதாக விளம்பரம் செய்து விற்பது வெளியூர்க்காரர்கள், இங்கே அடுப்படியில் வெந்து பாகு காய்ச்சுகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் வந்து சேரவில்லை என்று ஊருக்குள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீ நன்றாக இருந்தது, மிட்டாய்க்கு ஒரு ஸ்டார்தான். தயவுசெய்து முகவரியைப் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் ஊருக்குள்ளேயே வந்து வாங்குங்கள்.