டிகோடரில் இணையம் வரவில்லை என்று அழைத்தால் ஏணியோடு வருபவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டிஎஸ்டிவி என்னும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவையின் டிகோடர் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்காக, குறிப்பாக வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்காக, இதை எழுதுகிறேன். டிகோடருக்கு இணைய இணைப்பு கிடைக்கவில்லை என்று நீங்கள் அழைத்த ஆள், வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரைப் பார்க்காமலேயே சுவரில் ஏணியைச் சாய்த்தால், அவரை அங்கேயே நிறுத்தி என்ன காரணம் என்று கேளுங்கள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டில் அப்படிக் கேட்பதற்கு அன்று ஒருவரும் இல்லை. அதனால் கையைவிட்டுப் போன பணம் 3,100 ராண்ட்.

பெரியம்மாவிடம் இருப்பது, தனக்குள்ளேயே வைஃபை வசதி இல்லாத பழைய எக்ஸ்ப்ளோரா டிகோடர். ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் முன்னறையில் இருக்கின்றன. தொலைக்காட்சி பின்புறம் கூட்டிக் கட்டிய அறையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே, வெளிச்சுவரை ஒட்டி ஒரு நெட்வொர்க் கேபிள் சில ஆண்டுகளுக்கு முன்பே இழுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள், இணையம் வழியாக வரும் கேட்ச் அப் நிகழ்ச்சிகள், அதாவது ஒளிபரப்பாகி முடிந்தபின் நாம் விரும்பும்போது பார்ப்பவை, திறக்காமல் போயின. தமிழ் அலைவரிசைகள் உட்பட நேரடியாக வருபவை அனைத்தும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் தெளிவாக வந்துகொண்டிருந்தன. இந்த ஒரு செய்தியே பழுது எங்கே இல்லை என்பதைச் சொல்லிவிடும்.

தபால் பெட்டியில் கிடந்த விளம்பரத் தாளைப் பார்த்து அழைத்த அந்த நிறுவுநர், திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எல்என்பி போய்விட்டது, மழைக்காலத்தில் இது சகஜம்" என்றாராம். எல்என்பி என்பது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு, செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் சிறு கருவி. "படம் நன்றாகத்தானே வருகிறது, தம்பி?" என்று பெரியம்மா கேட்டதற்கு, இன்னும் சில நாட்களில் அதுவும் நின்றுவிடும் என்று பதில் சொல்லியிருக்கிறார். புதிய எல்என்பியும் டிஷ்ஷிலிருந்து இறங்கும் கோஆக்ஸ் கேபிளும் மாற்றப்பட்டன. பழையவற்றை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்ச் அப் அப்போதும் திறக்கவில்லை. இரவு முழுவதும் டிகோடரை அணைக்காமல் விட்டால் தானாகச் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னது ஏன் பொய் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டிகோடருக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகளில் விஷயங்கள் வருகின்றன. கிழக்கு 68.5 பாகையில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து, வடகிழக்கு நோக்கித் திருப்பப்பட்ட டிஷ்ஷும் எல்என்பியும் கோஆக்ஸ் கேபிளும் கொண்டுவருவது நேரடி ஒளிபரப்பு. ரவுட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளோ வைஃபையோ கொண்டுவருவது இணையவழி நிகழ்ச்சிகள். முதற்பாதை கெட்டால் திரையில் ஈ48-32 என்ற பிழை எண் தோன்றும், அல்லது படம் கட்டம் கட்டமாக உடையும். கனமழையின்போது சற்று நேரம் இப்படி ஆவது பழுது அல்ல, அந்தச் செயற்கைக்கோள் சிக்னலுக்கு இயல்பானது. இரண்டாம் பாதை கெட்டால் நேரடி ஒளிபரப்புக்கு எந்தக் குறையும் வராது. போதாக்குறைக்கு, கேட்ச் அப் நிகழ்ச்சிகளில் ஒரு பகுதி செயற்கைக்கோள் வழியாகவே டிகோடரின் வன்தட்டில் வந்து சேர்ந்திருக்கும் என்பதால், சில திறக்கும், சில திறக்காது. இந்தக் குழப்பத்தைத்தான் இவரைப் போன்றவர்கள் "சிக்னல் அரைகுறையாக வருகிறது" என்று சொல்லிக் காசாக்குகிறார்கள்.

நிகழ்ச்சிகள் தானாகச் சரியாகாததால் பெரியம்மா மறுபடியும் அழைக்க, இம்முறை அவர் டிகோடரின் நெட்வொர்க் துளை மின்னலில் கருகிவிட்டது என்றார். சற்று நேரத்தில் அந்தக் கதையையும் விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு "பூஸ்டர்" வேண்டும் என்றார். பூஸ்டர் என்று அவர் விற்றது சாதாரணமான இன்னொரு ரவுட்டர். அதைச் சாப்பாட்டு அறையில் வைத்து, முன்னறை ரவுட்டரிலிருந்து உள்வழியாக ஒரு புதிய கேபிளை இழுத்து, வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான அதன் லேன் துளையில் செருகி, அங்கிருந்து இன்னொரு கேபிளை டிகோடருக்குக் கொண்டுபோனார். கேட்ச் அப் உடனே திறந்தது. பெரியம்மாவும் மகிழ்ச்சியோடு 1,650 ராண்ட் கொடுத்தார். எல்என்பிக்காக ஏற்கெனவே கொடுத்திருந்தது 1,450.

அடுத்த மின்வெட்டு வரைதான் அந்த மகிழ்ச்சி நீடித்தது. மின்சாரம் திரும்பியபின் டிகோடர் மட்டுமல்லாமல், பெரியம்மாவின் கைப்பேசியும் வந்துபோகும் பேரப்பிள்ளைகளின் கைப்பேசிகளும் "இணைந்துள்ளது, ஆனால் இணையம் இல்லை" என்று காட்டத் தொடங்கின. அந்த நிலையில்தான் எனக்கு அழைப்பு வந்தது.

ஒரு வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியை வழங்கும் வேலையை, டிஎச்சிபி என்னும் சேவையின் மூலம், ஒரே ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும். முன்னறை ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கிக்கொண்டிருக்க, அந்தப் புதிய ரவுட்டரும் அதே வேலையை 192.168.0 என்ற தொடக்கத்தோடு செய்துகொண்டிருந்தது. வெளி இணைய இணைப்பைச் செருகும் அதன் வேன் துளையோ காலியாக இருந்ததால் அதற்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு புரோகிதர்கள் வந்து ஆளுக்கொரு முகூர்த்தம் குறித்துக் கொடுத்ததைப் போல, மின்சாரம் வந்து எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முகவரி கேட்டபோது, எந்த ரவுட்டர் முந்திப் பதில் சொன்னதோ அதன் முகவரியை அவை எடுத்துக்கொண்டன. புதிய ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை முன்னறை ரவுட்டரின் வரிசைக்குள் மாற்றியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாதவரை நிறுவுநர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் முதலில் அந்த இரண்டாம் ரவுட்டரைக் கழற்றி வைத்தேன். பிறகு டிகோடரை முன்னறைக்குத் தூக்கி வந்து, நன்றாக வேலை செய்யும் ஒரு சிறு கேபிளால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்தேன். துளை அருகே விளக்கு எரிந்தது, முகவரி கிடைத்தது, கேட்ச் அப் திறந்தது. மின்னலில் கருகிய துளை என்ற கதை அத்தோடு முடிந்தது. வெளிச்சுவர் வழியே போகும் பழைய கேபிளின் பின்னறை முனையை மடிக்கணினியில் செருகியபோது விளக்கே எரியவில்லை. விளக்கு எரியாவிட்டால் கேபிள், முனை, துளை ஆகியவற்றில் கோளாறு; விளக்கு எரிந்தும் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தோன்றினால் கம்பி ஓரளவு சரி, ஆனால் ரவுட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை. இந்த வேறுபாட்டை மட்டும் தெரிந்துகொண்டு தொலைபேசியில் சொன்னாலே, வருபவர் நம்மிடம் கதை அளக்கத் தயங்குவார்.

கேபிளைச் சுவர் நெடுகப் பார்த்தபோது, வெயில் படும் பக்கத்தில் அதன் மேலுறை வெடித்து, உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. வீட்டுக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டிய உறை கொண்ட கேபிளை வெளியே இழுத்திருந்தார்கள்; இந்த நேட்டால் கடற்கரையின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது தாங்காது. கம்பியைக் கத்தியால் சுரண்டியபோது செம்பு நிறம் மேலே மட்டும் இருந்தது, உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுச் சரக்கு அது. உள்வழியாக ஒரே நீளமான செம்புக் கேபிளை இழுத்ததும் எல்லாம் சரியாயிற்று. அதற்கான செலவு எல்என்பிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

இனி ரசீது. மதிப்பு கூட்டு வரி 15 விழுக்காடு என்று ஒரு வரி எழுதிப் பணம் வாங்கியிருந்த அதில், வரிப் பதிவு எண் எங்கும் காணப்படவில்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது; பதிவு செய்திருக்கிறாரா என்பதை வரித்துறையின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் கேள்விப்பட்டிருந்தாலும், இத்தகைய பழுதுவேலைக்கு அதிலுள்ள மூன்று பிரிவுகள் எவ்வளவு நேரடியாகப் பொருந்துகின்றன என்பதை நான் இந்த விவகாரத்தில்தான் நேரில் கண்டேன். பிரிவு 15இன்படி, மதிப்பீடு கொடுத்து நம் ஒப்புதலைப் பெறாமல், அல்லது மதிப்பீடு வேண்டாம் என்று நாமே சொல்லியிராமல், பழுதுவேலைக்குக் கட்டணம் கேட்க முடியாது. பிரிவு 57இன்படி, பொருத்திய உதிரிப்பாகத்துக்கும் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. பிரிவு 67இன்படி, கழற்றிய பாகங்களை வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை, அவற்றைத் தனியே வைத்து நம்மிடமே திருப்பித் தர வேண்டும். பழைய எல்என்பியை அவர் எடுத்துச் சென்றது இதனால்தான் எனக்கு உறுத்துகிறது: அது நல்ல நிலையில் இருந்திருந்தால், வேறு ஒரு வீட்டில் "புதியது" என்று ஏறியிருக்கக்கூடும்.

இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்டபின், அந்த நிறுவுநர் ரவுட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டார். எல்என்பிக்கான தொகையையும் பழைய பாகங்களையும் பற்றிக் கேட்டால் பதிலே இல்லை. நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் பெரியம்மாவின் பெயரில் புகார் கொடுத்திருக்கிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. புகார் நிலுவையில் இருப்பதால் அந்த நிறுவுநரின் பெயரை இங்கே எழுதவில்லை. விளம்பரத் தாளைப் பார்த்து அழைத்த ஒருவரிடம் இதேபோல் எல்என்பி மாற்றிக்கொண்டவர்கள், ரசீதையும் கைப்பேசியில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்து, தாங்களும் அங்கே புகார் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.