போன் ஒன்று, அட்டை நாற்பது: ஜூன் மாத வகுப்புக்கு பிளிக்கர்ஸ்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் பழைய பாடத்தில் யாருக்கு எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கும் காலம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்’ என்று ஒரே குரலில் வரும். தாளில் தேர்வு வைத்தால், திருத்தி முடிப்பதற்குள் அடுத்த இயல் தொடங்கியிருக்கும். மாணவர் கையில் போனோ டேப்லெட்டோ இல்லாத வகுப்பில் இந்த வேலைக்கு பிளிக்கர்ஸ் அளவுக்குப் பொருந்தும் செயலியைக் காண்பது அரிது. இலவசக் கணக்கே போதும். ஆனால் செயலியைவிட அட்டையில்தான் கவனம் வேண்டும். சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு மாணவருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன ஓர் அட்டை. எண்ணுக்கு எண் வடிவம் மாறும். நான்கு விளிம்பிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். விடை ‘பி’ என்றால் அந்த எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் எந்த எண் அட்டை, எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைச் செயலி படித்துக்கொள்ளும். சரியான விடை போன் திரையில் பச்சையாகவும் தவறானது சிவப்பாகவும் தெரியும். பக்கத்துப் பையனின் அட்டையைப் பார்த்து அதே மாதிரி திருப்பிப் பிடித்தும் பயனில்லை, இவனுடைய வடிவம் வேறு.

அட்டைகளின் பிடிஎஃப் கோப்பு பிளிக்கர்ஸ் தளத்திலேயே இலவசம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டை, பக்கத்துக்கு இரண்டு, ஆக 20 தாள். பெரிய வகுப்புக்கு 63 அட்டைத் தொகுப்பு உண்டு. கோப்பை நேராக லேசர் பிரிண்டரில் அச்சிடச் சொல்லுங்கள். ஒரு பிரதியை எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டால் கறுப்பு திட்டுத் திட்டாக வெளிறிவிடும், கேமரா திணறும். சாதாரண 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாள் தூக்கிப் பிடித்ததும் மடங்கி வளையும். 250 ஜிஎஸ்எம்முக்கு மேல் தடிப்புள்ள, பளபளப்பில்லாத அட்டை நல்லது. கடைக்காரர் சொல்லுகிறாரே என்று வழக்கமான லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். ட்யூப் லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கறுப்புக் கட்டம் வெள்ளையாகத் தெரியும், அந்த மாணவரின் விடை பதிவாகாது. பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கிடைத்தால் போடலாம், கிடைக்காவிட்டால் வெறும் அட்டையே மேல். வெட்டும்போது கறுப்பை ஒட்டி வெட்டக்கூடாது. சுற்றிலும் வெள்ளை ஓரம் இருந்தால்தான் செயலிக்கு வடிவத்தின் எல்லை பிடிபடும்.

இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. அட்டையைத் தூக்கிய பிறகு மாணவருக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும்தான். எந்தப் பக்கம் மேலே வைத்தோம் என்று சந்தேகம் வந்து திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், வகுப்பு இழுக்கும். முதுகிலும் அந்தந்த விளிம்புக்கு நேராக எழுத்தைப் பென்சிலால் எழுதிவைத்தால் இது தீரும். சிறிதாக எழுதவேண்டும், பின் பெஞ்சுக்காரருக்கும் அந்த முதுகுதான் தெரிகிறது. அட்டையை நோட்டின் பின்னட்டையில் ஒட்டச் சொல்லும் வழக்கமும் உண்டு. விநியோக நேரம் மிச்சம். ஆனால் நோட்டு வளைந்துவிட்டாலோ வீட்டில் மறந்து வைத்துவிட்டாலோ அன்றைக்கு அந்தப் பிள்ளை கணக்கில் இல்லை.

கணினியில் வகுப்பை உருவாக்கி, பெயர்ப் பட்டியலை வரிக்கு ஒரு பெயராக ஒட்டினால் அட்டை எண்கள் தாமாகவே வரிசையாக ஒதுக்கப்படும். முழுப் பெயரும் பிறந்த தேதியும் எமிஸ் எண்ணும் (அரசின் கல்வித் தரவுத்தளத்தில் மாணவருக்குள்ள எண்) அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. ‘6அ-14’ என்று வகுப்பும் வரிசை எண்ணும் போதும். பிள்ளைகளின் விவரத்தை வெளிநிறுவனத்திடம் கொடுக்காமல் இருப்பது ஒரு பக்கம். திரையில் யாருடைய பெயரும் அம்பலமாகாது என்பது இன்னொரு பக்கம். ஜூலை வரை புதுச் சேர்க்கை வந்துகொண்டிருக்கும், அதற்குக் கடைசி எண்கள் சிலவற்றைக் காலியாக விடுங்கள். ஒரே எண்ணை ஒவ்வொரு வகுப்பிலும் வேறு மாணவருக்குக் கொடுக்கலாம் என்பதால், ஐந்து பிரிவுக்குப் பாடம் எடுப்பவருக்கும் ஒரு செட் அட்டை போதும்.

ஸ்கேன் செய்யும்போது வரும் தொல்லைகள் மூன்று நான்குதான். விரல் கறுப்பின் மேல் படுவது முதலாவது. ஓரத்தை மட்டும் பிடிக்கப் பழக்க வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் அட்டை வெளிச்சத்துக்கு எதிராக இருப்பதால் நிழலாகிவிடும். ஆசிரியர் ஜன்னல் பக்கம் போய் நின்று ஸ்கேன் செய்தால் சரியாகும். முன் வரிசை அட்டை பின் வரிசையை மறைத்தால் போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். இரண்டு அட்டைக்கு நடுவே கேமரா ஓடிக்கொண்டே இருந்தாலும் படிக்காது, சற்றே நிறுத்தி நகர்த்த வேண்டும். விடையை மாற்றிக்கொண்டவரை மறுபடி ஸ்கேன் செய்தால் கடைசி விடை நிற்கும். இதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எல்லோரும் தூக்கி முடிக்கும்வரை, எந்த விடைக்கு எத்தனை பேர் என்று காட்டும் வரைபடத்தைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் உயரமான கம்பி எதுவோ அந்தப் பக்கம் அட்டைகள் எல்லாம் திரும்பும்.

புரொஜெக்டர் இருந்தால் கேள்வி தானாகத் திரையில் மாறும். இல்லாவிட்டால் கரும்பலகையில் கேள்வியையும் நான்கு விடையையும் எழுதிவிட்டு, போனில் அதே கேள்வியைத் திறந்து ஸ்கேன் செய்யலாம். செயலியின் மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கேள்விகளைத் தமிழ் யூனிகோடில் தாராளமாக எழுதலாம். போனுக்கு இணைய இணைப்பு தேவை.

இத்தனையும் செய்துவிட்டுக் கேள்வியில் கோட்டைவிட்டால் பயனில்லை. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு ஒரு மாதிரி: ‘இவற்றில் பெரியது எது? ஏ) 0.3, பி) 0.45, சி) 0.406, டி) 0.385.’ சி காட்டுபவர் புள்ளியை மறந்து 406 என்று முழு எண்ணாகப் படிக்கிறார். ஏ காட்டுபவரின் பிழை வேறு வகை. பின்னத்தில் கீழெண் பெரிதானால் மதிப்பு குறையும் என்று படித்ததைத் தசமத்துக்கும் இழுத்து, இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ஒரே திருத்தப் பாடம் உதவாது. இந்தப் பிரிவினை ஒரு நிமிடத்துக்குள் கிடைப்பதுதான் இந்தச் செயலியின் மதிப்பு.

வகுப்பில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகக் காட்டினால் உடனே விடையைச் சொல்லிவிட வேண்டாம். வேறு விடை காட்டியவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லலாம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. அட்டைக்கு அப்படியே பொருந்துகிறது. அதே கேள்வியை இரண்டாம் முறையும் பட்டியலில் சேர்த்து ஓட்டினால் பேசுவதற்கு முன்னும் பின்னும் வந்த விடைகள் தனித்தனியே பதிவாகும். 30-க்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, பாடத்தை மறுபடி நடத்துவதே வழி.

குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு விடைக்கு மேல் வைக்க முடியாது. கணக்கின் படிகளையோ ஒரு வாக்கியம் எழுதும் திறனையோ இது சோதிக்காது. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் காட்டினாலும் சில விடை சரியாகிவிடும் என்பதால் இதன் மதிப்பெண்ணைத் தேர்ச்சிப் பதிவேட்டில் ஏற்றுவது அநியாயம். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டையைத் திருப்புவதே தனிப் பாடமாகிவிடும், அவர்களுக்குச் சிலேட்டே மேல். மாணவர் ஒவ்வொருவரிடமும் கருவி இருக்கும் பள்ளியில் கஹூட் என்ற வினாடி வினாச் செயலி கூடுதல் உற்சாகம் தரும். ஆனால் அது வேகத்துக்கும் புள்ளி கொடுக்கும், மெதுவாக யோசிப்பவர் பின்தங்குவார். அட்டையில் அந்த ஓட்டப்பந்தயம் கிடையாது.

பிளிக்கர்ஸின் இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்விதான் வைக்க முடியும். தொகுப்புகளுக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதால் பத்துக் கேள்வியை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்து ஓட்டினால் போதும். அதற்காகக் கட்டணத் திட்டம் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தடித்த அட்டைக்கும் நல்ல அச்சுக்கும் செலவழிக்கலாம்.