பேன்டம் விமானிக்கு ஸ்பாரோவா, சைட்விண்டரா?

வியட்நாம் போரைக் களமாகக் கொண்டு பலர் சேர்ந்து வரிவரியாக எழுதி ஆடும் வான்போர்க் கதையாட்டத்தில், எஃப்-4 பேன்டம் என்ற அமெரிக்கப் போர்விமானத்தின் விமானியாக வருபவர் தம்மிடமுள்ள இருவகை ஏவுகணைகளில் எதை முதலில் ஏவுவது என்று தீர்மானித்தாக வேண்டும்.

ஸ்பாரோ ரேடார் வழிகாட்டுதலில் செல்வது. எதிரி நேருக்கு நேர் வரும்போதும் தொலைவிலிருந்தே ஏவலாம். ஆனால் அது இலக்கைத் தொடும் வரை ஏவிய விமானத்தின் ரேடார் அந்த இலக்கின் மீதே படிந்திருக்க வேண்டும் என்பதால், ஏவிய கையோடு திரும்பித் தப்ப முடியாது. ஆட்டக்காரர்கள் பலர் இதை மறந்து, அடுத்த வரியிலேயே விமானத்தைக் குட்டிக்கரணம் அடிக்க வைக்கிறார்கள். போதாக்குறைக்கு, எதிரியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே சுட வேண்டும் என்ற விதி அன்று பெரும்பாலும் நடப்பில் இருந்ததால், தொலைவு என்ற அனுகூலம் ஏட்டளவில் நின்றுபோனது. ஏவப்பட்ட ஸ்பாரோக்களில் பத்தில் ஒன்றுகூட எதிரியை வீழ்த்தவில்லை.

சைட்விண்டர் எஞ்சினின் வெப்பத்தைத் தேடிச் செல்வது. வெப்பம் அதற்குப் புலப்பட்டதும் விமானியின் காதில் உறுமல் ஒலி கேட்கும்; ஏவிய பின் அவர் தம் வழியே போகலாம். அன்றைய வகைகளை எதிரியின் வால்புறத்திலிருந்தே ஏவ வேண்டியிருந்தது. சூரியனும் அவற்றை ஏமாற்றிவிடும். முன்புறத்திலிருந்தும் ஏவத்தக்க ஏஐஎம்-9எல் என்ற பிற்காலச் சைட்விண்டர் வகை 1982 ஃபாக்லாந்து போரில்தான் பெயர் பெற்றது.

சட்டென்று வளைந்து திரும்பும் வட வியட்நாமின் மிக்-17 போர்விமானத்தோடு நெருங்கி மோதும் காட்சியென்றால், வால்புறத்தைப் பிடிக்கும் பாடு இருந்தாலும், நான் சைட்விண்டரையே தேர்ந்தெடுப்பேன்.