தாண்டிக்குடி தோட்டத்து அராபிகா காப்பிக்கொட்டையா, கடையில அரைச்ச சிக்கரி கலந்த காப்பித்தூளா?

ரெண்டுல எதை வாங்கன்னு நிறைய பேர் கேக்குறீங்க, ரெண்டையும் மாத்தி மாத்தி குடிச்சவன்ங்கிற முறையில சொல்றேன்.

விலை: தோட்டத்துக் காப்பி ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரும். ஆனா காரணம் இருக்கு. தாண்டிக்குடி இருக்குற கீழ்ப்பழனி மலையில ஒரு குடும்பம் மிளகுக்கொடி, பலா நிழல்ல வளர்க்குற செடியில ஒரே கொத்துலயே பச்சையும் சிவப்புமா காய் நிக்கும், நல்லா செவந்ததை மட்டும் விரலால திருகி எடுத்துட்டு மத்ததை விட்டுட்டு பத்து நாள் கழிச்சு அதே செடிக்கு திரும்ப வரணும். அஞ்சாறு கிலோ பழம் பறிச்சாதான் ஒரு கிலோ பச்சைக்கொட்டை, வறுத்தா அதுலயும் எடை குறையும். கடைத்தூள்ல சட்டப்படி 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி, அதாவது வறுத்து அரைச்ச ஒரு செடியோட வேர், போடலாம், பாக்கெட்டைப் பாருங்க.

டிகாஷன்: சிக்கரி தூள் கெட்டியா, கறுப்பா இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும். தனி அராபிகா லேசாதான் இறங்கும், பாலை அள்ளி ஊத்தினா வாசனையே போயிடும், அது எனக்கு மனசு தாங்காது.

தாங்குறது: கொட்டையா வாங்கினா வறுத்ததுல இருந்து ஒரு மாசம் நல்லா இருக்கும். சிக்கரி தூள் ஈரம் இழுத்து டப்பாவுலயே கட்டி தட்டிடும்.

வேலை: கொட்டைக்கு கிரைண்டர் வேணும், தூளுக்கு ஒண்ணும் வேணாம்.

காலையில வீட்ல அஞ்சு பேருக்கு டபரால நுரை பொங்க பால் காப்பின்னா கடைத்தூளே போதும். பால் கம்மியா, இல்ல பாலே இல்லாம, நிதானமா குடிக்கிறவங்க கண்ணை மூடிட்டு தோட்டத்துக் காப்பி வாங்குங்க, வறுத்த தேதியை மட்டும் கேட்டுக்கோங்க.